டிக்கி ரப்பர் மாற்றியும் ஸ்டெப்னி பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது

நீலவண்டி எழுதியது:

வணக்கம். எங்கள் கார் 1999 மாடல் செடான். அப்பா எடுத்த வண்டி, இப்போது நான் ஓட்டுகிறேன். இன்ஜின், கியர், பிரேக் எதிலும் குறை சொல்ல முடியாது. டிக்கிதான் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வளைவில் பிரேக் பிடித்தபோது பின்னால் ‘சளக்’ என்று கேட்டது. தண்ணீர் பாட்டில் ஏதோ உருண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே வளைவில் அதே சத்தம். நிறுத்தித் திறந்து பார்த்தால் மேட் மேலே காய்ந்துதான் இருந்தது. மேட்டைத் தூக்கி, அதற்குக் கீழே இருந்த அட்டையையும் எடுத்தேன். ஸ்டெப்னி பாதி மூழ்கிக் கிடந்தது. நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். ஜாக்கி துருவேறி அதன் தாங்கியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் பை முழுக்கப் பூஞ்சை. அந்தப் பையை அப்பா வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார். பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

இதுவரை செய்தது: முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் “ரப்பர் போயிடுச்சு” என்று சொல்லி டிக்கி ரப்பரைப் புதிதாக மாற்றினார்கள். அடுத்த மழையில் திரும்பவும் தண்ணீர். இரண்டாவது இடத்தில் பின் கண்ணாடியைச் சுற்றிக் கருப்பு சிலிக்கான் இழுத்துவிட்டார்கள். ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவதாகப் பார்த்தவர், “பள்ளத்தின் அடியில் ஒரு ஓட்டை போட்டுவிடலாம், தண்ணீர் தானாக வடிந்துவிடும்” என்றார். அதற்கு மட்டும் எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் கவனித்தவரை, பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உள்ளே ஒரு சொட்டும் வருவதில்லை. அரை மணி நேர மழைக்கும் வருவதில்லை. இரவு முழுக்கப் பெய்தால் காலையில் தண்ணீர் நிற்கிறது. டிக்கியின் இடது பக்கச் சுவரை மூடியிருக்கும் கார்பெட்டின் கீழ் ஓரம் ஈரமாக இருக்கிறது, வலது பக்கம் காய்ந்திருக்கிறது. இடது டெயில் லைட்டுக்குள் அவ்வப்போது ஆவி படிகிறது. வண்டி நிற்கும் இடமும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்வுதான். பின் சீட், கூரைத் துணி எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்கின்றன. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது யாரோ பின்னால் வந்து இடித்து, இடது மூலையில் டிங்கரிங் வேலை நடந்த ஞாபகம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

எங்கே தேட ஆரம்பிக்க வேண்டும்? நானும் தம்பியும் சேர்ந்து வீட்டிலேயே செய்யக்கூடிய அளவில் சொன்னால் உதவியாக இருக்கும்.


பின்சீட் எழுதியது:

டெயில் லைட்டுக்குள் ஆவி என்கிறீர்கள், முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். என் பழைய வண்டியிலும் இதே கதைதான். லைட்டுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ஸ்பான்ஜ் வாஷர் இருக்கும். வருஷம் ஆக ஆக அது அப்பளம் மாதிரித் தட்டையாகிவிடும், தொட்டால் பொடியாக உதிரும். டிக்கி மூடியிலிருந்து வழியும் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடிவந்து லைட்டின் தலையில்தான் விழுகிறது. வாஷர் செத்துவிட்டால் நேரே உள்ளேதான்.

உள்ளிருந்து மூன்றோ நாலோ நட்டு இருக்கும். கழற்றும்போது பார்த்து, பிளாஸ்டிக்கோடு சேர்ந்த போல்ட்டுகள் முறிந்துவிடும். நான் ஒன்றை முறித்துவிட்டு முழு லைட்டும் வாங்க வேண்டியதாயிற்று.


தகரக்கை எழுதியது:

அம்மா, ஓட்டை போடச் சம்மதிக்காமல் இருந்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தேடுவதைப் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் செய்தவன் நான், இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

பள்ளத்தின் அடியில் பெரும்பாலான வண்டிகளில் ஏற்கெனவே ஒரு துளை உண்டு, ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். தொழிற்சாலையில் முழுப் பாடியையும் பிரைமர் தொட்டியில் முக்கி எடுப்பார்கள், அந்தத் திரவம் வடிவதற்காக விட்ட துளை அது. இன்றைக்குத் தண்ணீரை வெளியேற்ற அந்த மூடியைக் கழற்றினாலே போதும். ஆனால் திரும்ப மாட்டிவிட வேண்டும். திறந்தே விட்டாலோ புதிதாக ஓட்டை போட்டாலோ சக்கரம் அடிக்கும் சேறு உள்ளே வரும், வெட்டிய விளிம்பில் துரு ஆரம்பிக்கும். அதைவிட முக்கியம், சைலென்சர் புகை. ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் புகை அங்கேயே சுழலும். டிக்கியில் ஓட்டை இருந்தால் அது சீட் பின்னால் வழியாக உள்ளே ஏறும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தலைவலி வந்த பிறகுதான் தெரியும். தண்ணீர் ஒழுகும் இடத்தை அடைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, தேடுவது. தண்ணீர் நிற்கிற இடமும் அது நுழைகிற இடமும் ஒன்றல்ல. பள்ளம்தான் டிக்கியிலேயே தாழ்வான இடம், எங்கே நுழைந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஆகவே பள்ளத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முதல் வேலை முழுக்கக் காய வைப்பது. மேட், அட்டை, பக்கச் சுவர்க் கார்பெட், ஸ்டெப்னி, எல்லாம் வெளியே வரட்டும். தகரத்தோடு தகரமாகத் தெரிகிற வரை எடுங்கள். கார்பெட்டுக்குப் பின்னால் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு இருக்கும், அது வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். நீங்கள் சரியான இடத்தை அடைத்த பிறகும் அந்தப் பழைய ஈரம் கசிந்து, இன்னும் ஒழுகுகிறது என்று ஏமாற்றிவிடும். அதைத் தனியாக வெயிலில் போடுங்கள்.

காய்ந்த பிறகு தகரத்தை உற்றுப் பாருங்கள். தண்ணீர் ஓடிய வழியில் தூசி கழுவப்பட்டு ஒரு கோடு இருக்கும், ஓரத்தில் மண் வரப்பு கட்டியிருக்கும். பெரும்பாலும் இந்தக் கோடே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கோட்டை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து போங்கள். எங்கே மறைகிறதோ அங்கிருந்து மேலே எல்லா மூட்டுகளிலும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். காய்ந்த சாக்பீஸ் வெள்ளையாக இருக்கும், ஒரு சொட்டு பட்டாலும் கருத்துப்போகும்.

அப்புறம் தண்ணீர் பரிசோதனை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, இன்னொருவர் ஹோஸோடு வெளியே. பின் சீட்டை மடித்துவிட்டு அந்த வழியாகப் படுங்கள். பழைய வண்டிகளில் டிக்கியை உள்ளேயிருந்து திறக்க வழி இருக்காது, சீட் திறந்தே இருக்க வேண்டும், சாவி வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடவே கூடாது.

ஹோஸ் முனையில் எதையும் மாட்டாதீர்கள். பிரஷர் மெஷின் வேண்டவே வேண்டாம். மழை போகாத இடத்துக்கெல்லாம் அது தண்ணீரைத் திணித்து, இல்லாத ஒழுகலைக் காட்டும். தண்ணீர் சும்மா வழிய வேண்டும், அவ்வளவுதான். கீழேயிருந்து மேலே போங்கள். முதலில் பம்பருக்கு மேலே, அப்புறம் டெயில் லைட், அப்புறம் நம்பர் பிளேட் விளக்கு, லாக், மூடியைச் சுற்றி இருக்கும் வாய்க்கால், பின் கண்ணாடி, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிஷமாவது. மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

உங்கள் குறிப்பில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அரை மணி நேர மழைக்கு வருவதில்லை என்கிறீர்கள். டெயில் லைட் வாஷர் போயிருந்தால் ஐந்து நிமிஷத்திலேயே வந்துவிடும். அதனால் லைட் ஒன்று மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். பழைய மோதல் நடந்த மூலை என்றும் சொல்கிறீர்கள். தகரத்தை நிமிர்த்திப் பட்டி பார்த்து மேலே பெயிண்ட் அடித்திருப்பார்கள், உள்பக்க மூட்டுக்குச் சீலர், அதாவது தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசை, போட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது. வெளியே அழகாக இருக்கும்.

ரப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுசு என்பதால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் மூடிக்கும் நடுவில் வைத்து மூடுங்கள், பிறகு இழுங்கள். சுற்றிலும் ஒரே அளவு இறுக்கமாக வர வேண்டும். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே மூடி சரியாக உட்காரவில்லை. அதற்கு லாக் கொக்கியையோ மூலையில் இருக்கும் ரப்பர் குமிழையோ கொஞ்சம் திருப்பினால் போதும். ரப்பரின் இரண்டு முனையும் சேரும் இடம் மூலை வளைவில் வரக்கூடாது, நடுவில் இடைவெளியும் விடக்கூடாது.


ஐந்தாம்கதவு எழுதியது:

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பம்பருக்குப் பின்னால், டிக்கியின் பக்கச் சுவரில் காற்று வெளியேறும் ஜன்னல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதில் மெல்லிய ரப்பர் இதழ்கள் தொங்கும். கதவைச் சாத்தும்போது காதை அடைக்காமல் இருப்பதும், ஃபேன் காற்று உள்ளே வந்து வெளியே போவதும் இந்த வழியாகத்தான். அந்தப் பெட்டியைச் சுற்றி இருக்கும் ஸ்பான்ஜ் மக்கிப்போனால் சக்கரத் தண்ணீர் உள்ளே வரும். நான் இதைத் தூசியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், மண் ரோட்டில் போய் வந்த பிறகு ஒரே ஒரு மூலையில் மட்டும் மாவு மாதிரித் தூசி படிந்திருந்தது. ஸ்பான்ஜை மட்டும் மாற்றுங்கள், இதழ்களை ஒட்டி அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் கண்ணாடி எல்லாம் ஆவி பிடிக்கும்.

ஆள் படுக்க இடமில்லாத வண்டிக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜன்னல்களை மூடி, ஃபேனை முழு வேகத்தில் வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, இந்தக் காற்று ஜன்னல்களை மட்டும் தற்காலிகமாக உள்ளிருந்து டேப் போட்டு மூடுங்கள். வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். முடிந்ததும் டேப்பை எடுக்க மறக்க வேண்டாம். என் வண்டி பின்கதவு திறக்கும் வகை, அதில் பின் வைப்பருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் கழன்றும் இதே மாதிரி ஆகியிருக்கிறது. செடானில் அது இருக்காது.


நீலவண்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அந்தப் பஞ்சு அடுக்கைப் பிழிந்தபோது அரை பக்கெட் தண்ணீர் வந்தது! நாலு நாள் வெயிலில் போட்டும் நடுவில் இன்னும் ஈரம்.

இடது டெயில் லைட்டைக் கழற்றினோம். பின்சீட் சொன்னது அப்படியே சரி. வாஷரின் மேல் பாதி கையோடு உதிர்ந்து வந்தது. தகரத்தில் லைட் உட்காரும் இடத்தில் ஒரு கருப்புக் கோடு, அதன் கீழே கொஞ்சம் துரு. வலது பக்க லைட்டையும் கழற்றினேன், அங்கே வாஷர் தட்டையாக இருந்தாலும் முழுசாக இருந்தது. இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமர் அடித்து, பியூட்டைல் நாடாவை (ரப்பர் மாதிரி மென்மையாக ஒட்டும் பட்டை) ஒரே துண்டாகச் சுற்றி, முனைகளைக் கீழ்ப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்து மாட்டினோம். நட்டுகளை விரலால் முடிந்தவரை திருகி, பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒன்றும் முறியவில்லை.

சந்தோஷமாக இருந்தோம். முந்தாநாள் இரவு பெய்த மழையில் பள்ளத்தில் திரும்பத் தண்ணீர். முன்பு நாலு விரல், இப்போது ஒரு விரல். குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை.

நேற்று நான் உள்ளே படுத்துக்கொள்ள, தம்பி ஹோஸ் பிடித்தான். லைட்டில் பத்து நிமிஷம், லாக்கில் பத்து நிமிஷம், வாய்க்காலில் பத்து, கண்ணாடியில் பத்து. ஒரு சொட்டுகூட இல்லை. காகிதத் துண்டும் சுற்றிலும் நன்றாகப் பிடிக்கிறது. தூசிக் கோடு ஒன்று இருக்கிறது, இடது சக்கரத்துக்கு மேலே இருக்கும் வயர் கட்டுக்குக் கீழே நடுச்சுவரில் திடீரென்று ஆரம்பிக்கிறது. அதற்கு மேலே தகரம் வறட்டென்று காய்ந்திருக்கிறது. சுவரின் நடுவில் தண்ணீர் எப்படிப் பிறக்கும் என்று புரியவில்லை.


தகரக்கை எழுதியது:

வயர் கட்டுக்குக் கீழே ஆரம்பிக்கிறது என்று எழுதினீர்களே, அதுதான் விடை. அந்தக் கட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டிக்கி கீலுக்குப் பக்கத்திலிருந்து இறங்கி வரும். துணி டேப் சுற்றிய வயர் விளக்குத் திரி மாதிரி வேலை செய்யும், மேலே குடித்த தண்ணீரை வழியில் எங்கும் விடாமல் கொண்டுபோய், கட்டு தொய்ந்து கீழே வளைகிற இடத்தில் சொட்டும்.

அந்தப் பக்கக் கீலை ஒட்டி வாய்க்காலின் மேல் மூலையைப் பாருங்கள். அங்கே மூன்று தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து சேரும். மேலே சீலர் தடவி அதன்மேல் பெயிண்ட் அடித்திருப்பார்கள். இருபது வருஷத்தில் அந்தச் சீலர் கல்லாகிவிடும், மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். வெடிப்பு அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் தண்ணீர் ஓடாது, ஊறும். அதனால்தான் பக்கெட் தண்ணீருக்கும் குறுமழைக்கும் வருவதில்லை. பத்து நிமிஷம் போதாது அம்மா. ஹோஸைச் சொட்டுச் சொட்டாக வைத்து, அந்த மூலையில் மட்டும் ஒரு மணி நேரம் விடுங்கள். வண்டி இடது பக்கம் சாய்ந்தே நிற்கட்டும். வயர் கட்டின் மேல் நுனியில் ஒரு வெள்ளை டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வையுங்கள்.

சோதிக்கும்போது கீலின் போல்ட்டுகளையும் பாருங்கள், அவற்றின் அடியிலிருந்தும் இறங்கலாம்.


நீலவண்டி எழுதியது:

கண்டுபிடித்துவிட்டோம்!

இன்று காலை தம்பி ஹோஸை ஒரு துணியில் சுற்றி, தண்ணீர் நூல் மாதிரி வழியும்படி இடது கீலுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டான். நான் பின் சீட் வழியாகப் படுத்து டார்ச்சை அந்த மூலையில் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. கை வலித்தது, டார்ச்சை ஸ்டெப்னி போல்ட்டின்மேல் சாய்த்து வைத்தேன். முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் டிஷ்யூவின் மேல் ஓரம் ஒரு கடுகு அளவுக்குச் சாம்பல் நிறமானது. நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன். கடுகு மிளகானது, மிளகு காசு அளவுக்குப் பரவியது. பத்து நிமிஷத்தில் டிஷ்யூ முழுக்க நனைந்து தொய்ந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே தெரியவில்லை, டேப்புக்குள்ளேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. திடீரென்று இரண்டு முழம் தள்ளி, கட்டு வளைகிற அதே இடத்தில், ஒரு சொட்டு திரண்டு டார்ச் வெளிச்சத்தில் மின்னியது. கொஞ்ச நேரம் தொங்கி, சுவரில் விழுந்து, அந்தப் பழைய தூசிக் கோட்டிலேயே ஓடிப் பள்ளத்தில் இறங்கியது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு மாதமாகத் தேடியது அந்த ஒரு சொட்டுதான்.

வெளியே வந்து அந்த மூலையைத் துடைத்துவிட்டு, ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயிண்டில் ஒரு தலைமுடி விழுந்து கிடப்பது மாதிரி இருக்கிறது. நகத்தால் வருடினால்தான் வெடிப்பு என்று தெரிகிறது. நகத்தை உள்ளே விட்டதும் சீலர் ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்தது, அதன் அடியில் பழுப்புத் துரு.

இனி எப்படி அடைப்பது? இரண்டாவது ஒர்க்‌ஷாப் கண்ணாடியில் போட்ட சிலிக்கான் டியூப்பில் மீதி இருக்கிறது, அதையே போடலாமா? கண்ணாடியில் இழுத்ததை எடுக்க வேண்டுமா?


தகரக்கை எழுதியது:

அந்த டியூப்பைத் தொடாதீர்கள். திறந்தால் வினிகர் வாசனை வருகிறதா பாருங்கள். வந்தால் அது காயும்போது அமிலம் விடும் வகை, வெறும் தகரத்தில் பட்டால் அதற்கடியிலேயே துரு கிளம்பும். அதன்மேல் பெயிண்டும் ஒட்டாது, நாளைக்கு வேறு சீலரும் ஒட்டாது. பாடி மூட்டுக்கு என்றே பாலியூரித்தேன் சீலர் கிடைக்கிறது, பெயிண்ட் ஏற்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். வெடிப்பு தெரிகிற நீளத்துக்கு மட்டும் சுரண்டினால் போதாது, இரண்டு பக்கமும் சீலர் கெட்டியாகப் பிடித்திருக்கிற இடம் வரும் வரை சுரண்டிக்கொண்டே போங்கள். நல்ல சீலரை நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கும். கெட்டது சில்லாகப் பெயரும். உங்கள் வண்டியில் மோதல் நடந்த பக்கம் என்பதால் எதிர்பார்ப்பதைவிட நீளமாகப் போகலாம், மனம் தளர வேண்டாம். கீலும் மூட்டும் சேரும் இடத்தில் கை போகாவிட்டால் கீலின் போல்ட்டைக் கழற்ற நேரலாம். கழற்றுவதற்கு முன் கீல் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், மூடியை ஒருவர் தாங்கிப் பிடிக்கட்டும். கோடு இல்லாமல் கழற்றினால் மூடியைத் திரும்ப நேராக உட்கார வைக்க ஒரு நாள் போய்விடும்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மூட்டின் இடுக்கில் மீந்திருப்பதற்குத் துரு மாற்றும் திரவம் தடவுங்கள். பழுப்பு கருப்பாக மாறும். டப்பாவில் போட்டிருக்கிற நேரம் முழுவதும் விடுங்கள். அப்புறம் ஈரம் துளியும் இருக்கக்கூடாது, ஹேர் டிரையர் இருந்தால் இடுக்கில் காட்டுங்கள். நேற்று ஒரு மணி நேரம் தண்ணீர் விட்ட மூட்டு அது, உள்ளே இன்னும் இருக்கும், இரண்டு நாள் காய விட்டால் நல்லது. பிறகு பிரைமர். பிரைமர் காய்ந்ததும் சீலரை மூட்டின் நீளத்துக்கு வைத்து, சின்ன பிரஷ்ஷால் அழுத்தி இடுக்குக்குள் தள்ளுங்கள். மேலே கனமாகப் பூசுவதில் பிரயோஜனம் இல்லை, உள்ளே போக வேண்டும். இந்தச் சீலர் காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்து வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும், ஒரு நாளைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதனால் மறுநாளே தண்ணீர் விட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். இறுகிய பிறகு மேலே வண்டி நிறப் பெயிண்ட், சீலர் வெயிலில் வெடிக்காமல் அது காக்கும்.

கண்ணாடியில் இழுத்த சிலிக்கான், ஒழுகலுக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் விட்டு வைக்காதீர்கள். அதன் ஓரம் எழும்பி, அடியில் தண்ணீர் தங்கி, கண்ணாடிச் சட்டத்தைத் துருவேற்றும். பிளாஸ்டிக் துண்டை வைத்துச் சுரண்டி எடுங்கள், கத்தி வேண்டாம், பெயிண்ட் கீறிவிடும். உண்மையிலேயே கண்ணாடி ஒழுகினால் பின் சீட்டுக்கு மேலே இருக்கும் தட்டு நனைந்திருக்கும். உங்களுக்கு அது காய்ந்தே இருக்கிறது.


பின்சீட் எழுதியது:

ஐயா, ஒரு சந்தேகம். வயர் கட்டின் டேப் இவ்வளவு நாள் ஊறியிருக்கிறதே, வயருக்கு ஒன்றும் ஆகாதா?


தகரக்கை எழுதியது:

நல்ல கேள்வி. ஆகும். டேப்பைப் பிரித்து வயரைக் காய வைக்க வேண்டும், அந்த வழியில் இருக்கும் கனெக்டர்களைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கலாம். திரும்பச் சுற்றும்போது துணி டேப்பை விட்டுவிட்டு, கீலுக்குப் பக்கத்தில் கட்டு ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி வையுங்கள். எப்போதாவது தண்ணீர் வந்தாலும் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், வயர் வழியே பயணம் போகாது.


நீலவண்டி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். முழுக்க உறுதியான பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

ஐயா சொன்ன மாதிரியே வெடிப்பு நீளமாகப் போனது. கையளவு நீளம் சுரண்டிய பிறகுதான் நல்ல சீலர் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் சீலரே இல்லை, பட்டி மட்டும் இருந்தது. பழைய மோதலுக்கு அப்புறம் செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும். ஓட்டை விழும் அளவுக்குத் தகரம் போகவில்லை, அது பெரிய ஆறுதல். கீலைக் கழற்றினோம், பென்சில் கோடு போட்டதால் மூடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. கனெக்டர் ஒன்றில் லேசாகப் பச்சை இருந்தது, துடைத்துவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, சில மாதமாக இடது நம்பர் பிளேட் விளக்கு மங்கலாக எரிந்ததற்குக் காரணம் அதுதான். இப்போது இரண்டும் ஒரே வெளிச்சம்.

சீலர் போட்டு ஐந்து நாள் விட்டோம், அதற்குப் பிறகு பெயிண்ட். கண்ணாடி சிலிக்கானை எடுக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

மேட் எதையும் இன்னும் போடவில்லை. பள்ளத்தைச் சுற்றியும் அந்தச் சுவரிலும் சாக்பீஸ் தேய்த்து, பள்ளத்தின் அடியில் டிஷ்யூ விரித்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு இரவு முழுக்க மூன்று முறை மழை பெய்துவிட்டது. ஒவ்வொரு காலையும் எழுந்ததும் முதல் வேலையாக டிக்கியைத் திறந்தேன். சாக்பீஸ் வெள்ளையாகவே இருக்கிறது. டிஷ்யூவை எடுத்து கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், காய்ந்த காகிதம்.

ஸ்பேனர் பையைத் துவைத்து, ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, துரு போகத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஜாக்கியும் இப்போது சுற்றுகிறது. அடுத்த வாரம் மேட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்கிறேன்.